கோரிப்பாளையத்தில் விற்கும் மருத்துவச்சொல் அட்டைகள்: 'பாரா' அட்டையைத் திருத்திவிட்டுப் படியுங்கள்

மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகளில் நர்சிங், லேப் டெக்னீஷியன் மாணவர்களுக்கென்று ஒரு அட்டைக்கட்டு கிடைக்கிறது. முன்பக்கம் சொல், பின்பக்கம் பிரிப்பும் தமிழ்ப்பொருளும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். 'பாரா' அட்டையில் மட்டும் பேனா பட வேண்டும்.

சொல்லின் முன்னால் ஒட்டிவரும் கிரேக்க 'பாரா'வுக்கு 'பக்கத்தில்' என்று பொருள். தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள் பாராதைராய்டு. அடுத்து உயிரெழுத்து வந்தால் கடைசி 'ஆ' விழுந்துவிடும். காதுக்குக் கிரேக்க வேர் 'ஓட்'. பார், ஓட் சேர்ந்து பரோடிட், அதாவது காதோரச் சுரப்பி. பொன்னுக்கு வீங்கியில் கன்னம் உப்புவது இது வீங்குவதால்தான். இந்த இடத்தை அட்டையில் படம் போட்டு அருமையாக விளக்கியிருக்கிறார்கள். பாராசைட்டும், அதாவது ஒட்டுண்ணியும், அப்படியே: 'சிடோஸ்' என்றால் உணவு, அடுத்தவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்பவன்.

குறை இனிமேல்தான். 'பாரா'வுக்கு 'பிறழ்ந்து, மாறாக' என்ற பொருளும் உண்டு. அட்டையில் அது இல்லை. அது தெரியாமல் பாரஸ்தீசியா புரியாது. 'உணர்வுக்குப் பக்கத்தில்' என்று எழுதினால் என்ன அர்த்தம்? உணர்வு பிறழ்வது, கை கால் மதமதப்பதும் ஊசி குத்துவது போலிருப்பதும்தான் அது.

அதைவிடப் பெரிய தப்பு, பிரசவ வார்டு கேஸ் ஷீட்டில் வரும் 'பாரா'வையும் இதே அட்டையில் சேர்த்தது. 'ஜி2 பி1' என்றால் இது இரண்டாவது கர்ப்பம், ஏற்கெனவே ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது. 'ஜி' என்பது கிராவிடா, கர்ப்பம்; 'பி'தான் இந்தப் 'பாரா'. அதன் வேர் லத்தீன் 'பரேரே', பெற்றெடுத்தல். கிரேக்கத்துக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. பயாப்ஸி பிளாக் போடும், அதாவது சோதனைக்கு எடுத்த சதைத்துண்டைப் பதித்து வைக்கும், பாராஃபின் மெழுகும் லத்தீன்தான்: 'பாரும்' கொஞ்சம், 'அஃபினிஸ்' உறவு. மற்ற வேதிப்பொருள்களோடு லேசில் சேராததால் வந்த பெயர். இந்த இரண்டையும் அடித்துவிட்டுத் தனி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது முன்னொட்டைக் கட்டைவிரலால் மறைத்து மிச்சத்தைப் பாருங்கள். 'தைராய்டு' தனியாக நிற்கும்; 'ஃபின்' நிற்காது. நிற்காத சொல்லை அகராதியில் பார்க்காமல் பிரிக்கவே கூடாது.

ஹைப்பர், ஹைப்போ அட்டைகளில் பிழையில்லை. முன்னது மிகுதி, பின்னது குறைவு. ஆனால் தமிழில் எழுத்து பொடியாக இருப்பதால் கண் ஏமாறும். இரண்டுக்கும் வேறு வேறு கலரில் கோடு போட்டு வையுங்கள்.