ஜாக்கிக்கு அடியில் என்ன வைப்பது? உணவு ட்ரெய்லர் நிறுத்துவோருக்கு ஓர் அலசல்

காரிலிருந்து கழற்றிய மறுகணம் உணவு ட்ரெய்லரின் முன்பாரம் முழுவதும் ஒற்றை ஜாக்கியின் காலில் இறங்குகிறது. உள்ளே எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது, எரிவாயு உருளை இருக்கிறது, சமைப்பவர் நிற்கிறார். இத்தனையையும் தாங்கும் அந்தக் காலுக்கு, அருகில் கிடந்த செங்கல்லை முட்டுக்கொடுப்பது எனக்குச் சற்றும் ஒப்புதல் இல்லாத வழக்கம்.

ஓரச்சு ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, காரோடு மாட்டும் முன்கம்பில் இறங்குவதுதான் முறை. 1,000 கிலோ வண்டி என்றால் 100 முதல் 150 கிலோ. அச்சுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தால், அதை நிரப்ப நிரப்ப இந்தப் பாரம் ஏறும். ஜாக்கியின் பாதம் 15 செ.மீ. சதுரம் என்று கொள்வோம். அதற்கு அடியில் வளையாத 30 செ.மீ. சதுரப் பலகையை வைத்தால், தரையில் விழும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வடசென்னையில் இது பெரிய விஷயம். திருவொற்றியூர், எண்ணூர் கரையோரம் மணல். புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி ஊறிய மண். சித்திரை வெயிலில் இளகும் தார். குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளத்தின் மேல் நிறுத்தினால் இன்னும் ஆபத்து. மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் மண் இறுகியிருக்காது.

செங்கல், ஹாலோ பிளாக் இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சுவரில் பாரம் பரவலாக இறங்குவதால் அவை தாங்குகின்றன; சிறிய இரும்புப் பாதம் ஓரிடத்தில் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்துப் பயன்படுத்துவது அதைவிட மோசம்.

பிளாஸ்டிக் பேடு இலகுவானது, துருப்பிடிக்காது, மழையில் ஊறாது. தார்ச்சாலையில் நன்றாகவே உழைக்கும். ஆனால் அடிப்பக்கம் குடைவாக உள்ள மலிவான வகை மணலில் வளைந்துவிடும்.

இரும்புத் தகடு, குறைந்தது 8 மி.மீ. தடிமனில், பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். அது உடையாது, பாரத்தையும் பரப்பும். அதன் குறை வழுக்கல்: ஈரமும் எண்ணெயும் பட்ட தகட்டின்மேல் ஜாக்கியின் பாதம் நழுவும். நான்கு ஓரத்திலும் பட்டைக் கம்பி வைத்து வெல்டிங் செய்தால் பாதம் அதற்குள்ளேயே நிற்கும். கடற்காற்று தின்னும் என்பதால் அவ்வப்போது பெயின்ட் அடிக்க வேண்டும்.

என் தேர்வு மரக்கட்டைதான். வேங்கை போன்ற உறுதியான மரம், பாரம் மிஞ்சினால் முதலில் நசுங்கும், முனகும். விலகிக்கொள்ள நமக்கு நேரம் தரும். கல்லிடம் அந்தக் கருணை கிடையாது. கீழே இரண்டு கட்டை, அவற்றின் குறுக்கே இரண்டு, மேலே ஒரு தடித்த பலகை என்று அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அகலத்தை மீறக் கூடாது. வெடிப்பு விட்டதும், பெட்டி பிரித்த பலகையும், பிளைவுட் துண்டும் வேண்டாம். மணலில் என்றால் இந்த அடுக்குக்கு அடியில் மேற்சொன்ன தகடு. கட்டை உயரம் கொடுத்துவிட்டால் ஜாக்கியை அதிகம் நீட்ட வேண்டியிராது. நீண்ட ஜாக்கிதான் பக்கவாட்டுத் தள்ளலில் எளிதில் வளைகிறது. நாள்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் வண்டிக்கு, முன்கம்பின் சட்டத்துக்கு அடியில் தனியாக ஓர் இரும்பு ஸ்டாண்டும் வைத்துவிடுவது மேல்.

முன்னால் எதை வைத்தாலும் அது கீழே இறங்கும் பாரத்தை மட்டுமே தாங்கும். ஆள்கள் வண்டியின் பின்பகுதியில் ஏறினால் மூக்கு மேலே தூக்கும். அடுக்கிய கட்டைகள் தளர்ந்து சரியும். ஆகவே பின்மூலைகள் இரண்டிலும் முட்டுக்கால் இல்லாமல் யாரையும் உள்ளே ஏற்றக் கூடாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது காரைக் கழற்றும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டி ஓர் அங்குலம் உருண்டாலும் ஜாக்கியின் கால் சாயும். இரவில் மழை பெய்திருந்தால், மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்து, தகடு எந்தப் பக்கம் புதைந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.