முளைகட்டின மாவை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க, என் தம்பிக்கு நடந்தது இது

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ்னு குடல் வீங்கி புண்ணாகிற நோய் இருக்கிறவங்க இதைக் கொஞ்சம் முழுசா படிங்க. என் தம்பிக்கு சில வருஷமா கொலைட்டிஸ், மெசலமைன்ங்கிற மாத்திரைல ஓரளவு அடங்கி இருந்துச்சு. நடுவுல அதிகமாகி டாக்டர் ஸ்டீராய்டு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா டோஸ் குறைச்சுட்டு வந்தாரு, அந்த நேரம் பார்த்து இன்ஸ்டால ஒரு "குடல் நல ஆலோசகர்" அம்மாவோட வீடியோ அவன் கண்ணுல பட்டுடுச்சு. முளைகட்டின தானியத்துலயே குடல் புண் ஆறிடும், ஜப்பான்லயே நிரூபிச்சாச்சுன்னு பேச்சு. மூணு மாச பேக் 8,500 ரூபா, ஜிபே பண்ணிட்டு எங்ககிட்ட மூச்சு விடல.

மாவு வித்ததோட விட்டிருந்தா காசு போச்சுன்னு விட்டுருப்பேன். மாத்திரை உள்ள போற வரைக்கும் மாவு வேலை செய்யாதுன்னு சொல்லி மெசலமைன், ஸ்டீராய்டு ரெண்டையும் ஒரே நாள்ல நிறுத்த வெச்சிருக்காங்க. கூடவே காலைல வெறும் வயித்துல பச்சையா முளைகட்டின பயறு, வெந்தயம். ரத்தம் போகுதுன்னு இவன் மெசேஜ் போட்டா, "கழிவு வெளியேறுது தம்பி, நல்ல அறிகுறி, பயப்படாதீங்க"ன்னு வாய்ஸ் நோட் வருது!! அந்த வாய்ஸ் நோட்டை நானே கேட்டேன், அவ்ளோ அன்பா பேசுறாங்க. கடைசில தலை சுத்தி பாத்ரூம்ல விழுந்து அட்மிட் பண்ற நிலைமை. கொஞ்ச நாளா எடுத்த ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தினா உடம்பு தானா சுரக்க வேண்டியது சுரக்காம பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்னு டாக்டர் சத்தம் போட்டாரு.

அந்த ஆலோசகர் அனுப்பின ஜப்பான் ஆராய்ச்சி பிடிஎஃப்பை நான் உட்கார்ந்து படிச்சேன். ஆராய்ச்சி நெஜம் தான், ஆனா இவங்க விக்கிறது அது இல்ல. பீர் காய்ச்சுற கிரின் கம்பெனி ஆளுங்க, முளைகட்டின பார்லில காய்ச்சினது போக மிஞ்சுற சக்கைல இருந்து குளூட்டமின்ங்கிற அமினோ அமிலம் அதிகமா இருக்கிற புரதத்தையும் ஹெமிசெல்லுலோஸ் நாரையும் தனியா பிரிச்சு எடுத்த பொருள் அது. பெருங்குடல் பாக்டீரியா அந்த நாரை பியூட்டிரேட்ங்கிற கொழுப்பு அமிலமா மாத்தும், குடல் உள்சுவர் செல்லுக்கு அது தான் தீனி. 2002ல வந்த சோதனைல மொத்தமே 18 பேர், அதுலயும் இதை சாப்பிட்டது 11 பேர் தான், தினம் 20-30 கிராம், 4 வாரம். முக்கியமா அந்த 11 பேரும் வழக்கமான மருந்தோட சேர்த்து தான் இதை சாப்பிட்டாங்க. மாத்திரையை நிறுத்துங்கன்னு அந்த பேப்பர்ல எங்கயும் இல்ல. அதே பேப்பரை அனுப்பிட்டே மாத்திரையை நிறுத்த சொல்ல என்ன தைரியம் பாருங்க.

இப்ப பாக்கெட்டுக்கு வருவோம். பார்லியே இல்ல, "9 வகை முளை தானியம்"னு மட்டும் போட்டிருக்கு, எது எவ்ளோன்னு கிடையாது. தேதி ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினா அடியில இன்னொரு தேதி. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசன்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்கணும், இதுல எண்ணினா 12. எங்க அம்மா ஒரு சிட்டிகை வாயில போட்டுட்டு "இது முளைகட்டின ராகியே இல்லடி, முளைகட்டி காயவெச்சு வறுத்தா லேசா இனிக்கும், இது சும்மா அரைச்ச மாவு, சிக்கு வாடை வேற"ன்னு துப்பிட்டாங்க.

பச்சை முளை விஷயத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. 2011ல ஜெர்மனில முளைகட்டின வெந்தயத்துல இருந்து ஈ.கோலைங்கிற கிருமி பரவி 50 பேருக்கு மேல செத்தாங்க. ஸ்டீராய்டு, அசதயோப்ரின் எடுக்கிறவங்களுக்கு எதிர்ப்பு சக்தி ஏற்கனவே கம்மி, நல்லா வேகவெச்சு தான் சாப்பிடணும். க்ரோன்ஸ்ல குடல் சுருங்கி இருக்கிறவங்களுக்கு நார் அதிகமானா அடைச்சுக்கவே வாய்ப்பு இருக்கு. கஞ்சி குடிக்க ஆசைனா உங்க டாக்டர்கிட்டயோ டயட்டீஷியன்கிட்டயோ கேட்டுட்டு குடிங்க, மாத்திரை பக்கம் கை வைக்காதீங்க.

ரீஃபண்ட் கேட்டதுக்கு "நம்பிக்கை இல்லாம சாப்பிட்டா பலிக்காது"ன்னு பதில், அப்புறம் பிளாக். உணவுப் பொருளை நோயைக் குணமாக்கும்னு சொல்லி விக்கவே கூடாதுன்னு 2018 விதிமுறை இருக்கு, அதனால பாக்கெட் போட்டோ, வாய்ஸ் நோட், பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் வெச்சு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கும் புகார் போட்டாச்சு. உங்ககிட்டயும் இப்படி பில், சாட் எதாவது இருந்தா டெலீட் பண்ணாதீங்க, எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, சேர்த்தே குடுப்போம்.