பழைய பட்டியில் எல்இடி டியூபா, புது பேட்டனா?

எலக்ட்ரிகல் கடையில் "எல்இடி டியூப்லைட்" என்று கேட்டால் இரண்டு சரக்கு வரும். ஒன்று, பழைய பட்டியிலேயே மாட்டுகிற 4 அடி டியூப். மற்றது, பட்டியும் விளக்கும் ஒன்றாக இருக்கும் 20 வாட் பேட்டன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு பேட்டனே மேல்.

முதலில் கரண்ட் கணக்கு. 36 வாட் டியூப் என்றாலும் பழைய தாமிரச் சோக் தன் பங்குக்கு 10 வாட்டுக்கு மேல் சூடாக்கியே தீர்க்கும். மொத்தம் 48 வாட் போல ஆகும். பேட்டனுக்கு மாறினால், தினம் 6 மணி நேரம் எரியும் ஒரு விளக்கில் இரண்டு மாதத்துக்கு சுமார் 10 யூனிட் மிச்சம். ஏற்கெனவே எலக்ட்ரானிக் சோக் என்றால் இதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி வரும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும்.

வெளிச்சத்தை வாட்டை வைத்து எடைபோட வேண்டாம். பெட்டியில் லூமென் பாருங்கள். 20 வாட்டுக்கு 2000 லூமெனாவது இருக்கட்டும். பழைய டியூபின் லூமென் இதைவிடக் கூடுதல், ஆனால் அது சுற்றிலும் சிதறும். பேட்டன் முன்பக்கம் மட்டுமே வீசும். அறை பளிச்சென்று இருக்க, கூரை மட்டும் மங்கித் தெரியும். சமையல்மேடைக்கும் படிக்கிற மேஜைக்கும் 6500 கெல்வின் வெள்ளை சரி. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள் கூடும். படுக்கையறைக்கு 4000 கெல்வின் போதும்.

மாட்டும்போது மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். பழைய பட்டியின் திருகுத் துளைகள் பேட்டன் கிளிப்புக்குப் பொருந்தாது. 6 மிமீ துளை புதிதாகப் போட்டு, பிளக் அடித்து முடுக்க வேண்டும். வயர் முனையை முறுக்கி டேப் சுற்றுவதைவிட கனெக்டர் போடுவது நல்லது. பரண் அடியில், காற்றே போகாத மூலையில் மாட்டினால் உள்ளே இருக்கும் டிரைவரின் (கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட்) கெபாசிட்டர் சூட்டில் சீக்கிரம் போய்விடும். பேட்டன் செத்தால் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம், எல்இடி அல்ல. இரண்டு வருட வாரண்டி என்றால் பில்லில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா பாருங்கள்.

பழைய பட்டியில் எல்இடி டியூப் போட நினைப்பவர்கள் பெட்டியில் உள்ள வயரிங் படத்தைப் பார்க்காமல் தொடக் கூடாது. சில டியூபில் ஒரே முனையின் இரண்டு பின்னுக்கு ஃபேஸும் நியூட்ரலும் போகும்; சிலவற்றில் ஒரு முனைக்கு ஃபேஸ், மறு முனைக்கு நியூட்ரல். முதல் வகையை ஒழுங்காக வயர் மாற்றாத பட்டியில் சொருகினால் ஷார்ட் ஆகலாம். இரண்டாவதில் ஒரு முனையைச் சொருகிவிட்டு மறு முனையைக் கையில் பிடித்தால், ஸ்விட்ச் ஆனில் இருக்கையில் ஷாக் அடிக்கலாம். ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கை பைபாஸ் செய்யச் சொல்லியிருந்தால் இரண்டையும் செய்யுங்கள். சோக்கை அப்படியே விடச் சொல்லும் டியூபும் உண்டு. அதற்கு அந்தக் கம்பெனி தரும் ஸ்டார்ட்டரைத்தான் போட வேண்டும். இத்தனை வயரிங் வேலைக்குப் பிறகும் மிஞ்சுவது துருப்பிடித்த பட்டியும் தளர்ந்த ஹோல்டரும்தான்.

இன்வெர்ட்டர் லைனில் போடுவதாக இருந்தால் பவர் ஃபேக்டரையும் கவனியுங்கள். வாட்டை இதால் வகுத்தால் வருவதுதான் விஏ, அதாவது இன்வெர்ட்டர் தாங்க வேண்டிய சுமை. மலிவுச் சரக்கில் அது 0.5 என்றால், 20 வாட் விளக்கு இன்வெர்ட்டரில் 40 விஏ இழுக்கும், 0.9 என்றால் 22-தான். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும், பில்லில் இது தெரியாது.

ஆஃப் செய்த பிறகும் இருட்டில் மங்கலாக மினுங்கினால் விளக்கைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கும், அல்லது ஸ்விட்சில் நியான் இண்டிகேட்டர் இருக்கும். முதலாவது ஆபத்தானதும்கூட, எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸை ஸ்விட்சுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் முழுசாக மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். சோக்கை மட்டும் காயலான் கடையில் போடலாம், உள்ளே இருக்கும் தாமிரத்துக்குக் காசு கிடைக்கும்.