இரண்டு இரவுக்கு எந்த மணல் தீவு? ஸ்ட்ராட்புரோக், மோர்ட்டன், கர்ரி

பிரிஸ்பேனில் வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பி, ஞாயிறு இரவு வீடு வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு தீவு. இந்தக் கணக்குக்குள் வருபவை மூன்று: வடக்கு ஸ்ட்ராட்புரோக், மோர்ட்டன், கர்ரி. மூன்றும் மணலால் ஆனவை. உலகிலேயே பெரிய மணல் தீவு கர்ரி. அடுத்தது ஸ்ட்ராட்புரோக், மூன்றாவது மோர்ட்டன். ஃபிரேசர் தீவு என்று பழகிய பெயரைத் தேடுகிறவர்களுக்கு: கர்ரிதான் அது, 2023 ஜூனில் பட்சுல்லா பழங்குடி மக்கள் அழைத்த அந்தப் பழைய பெயரே அதிகாரப்பூர்வமாகத் திரும்பியது. எழுத்தில் முன்னால் ஒரு ‘கே’ நிற்கும், அதை உச்சரிப்பதில்லை. ஸ்ட்ராட்புரோக்குக்கு மின்ஜெரிபா என்றும், மோர்ட்டனுக்கு முல்கும்பின் என்றும் குவாண்டமூக்கா மக்களின் பெயர்கள் உண்டு. பலகைகளில் இரண்டு பெயரையும் பார்ப்பீர்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸ்ட்ராட்புரோக். இரண்டே இரவு என்றால் மறுபடியும் அதையே தேர்ந்தெடுப்போம். அழகில் அது முதலிடம் என்பதால் இல்லை. அழகுப் போட்டி வைத்தால் கர்ரியின் மக்கென்சி ஏரி ஒன்றே மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடும். வெள்ளை மணலும் திமிங்கிலமும் சூரிய அஸ்தமனமும் மூன்றிலும் உண்டு, அதைப் பிரித்துப் பேசுவதில் பயனில்லை. முடிவு செய்வது வேறொன்று: உங்கள் வண்டி, அதன் டயருக்குக் கீழே உள்ள மணல், அந்த மணலை நேரம் பார்த்து மூடுகிற கடல்.

கர்ரியில் தார்ச்சாலை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையின் எழுபத்தைந்து மைல் கடற்கரைதான் நெடுஞ்சாலை. அதற்கு வேக வரம்பு உண்டு, மணிக்கு 80 கி.மீ. தீவுக்குள் போகும் மணல் தடங்களில் 30. சாலைச் சட்டம் முழுதாகப் பொருந்தும், சிறு விமானங்களும் அதே மணலில் இறங்கும். உயர் ஓதத்துக்கு, அதாவது கடல் நீர் ஏறி உச்சத்தில் நிற்கும் நேரத்துக்கு, முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டக் கூடாது என்பது அடிப்படை விதி. வார இறுதியை விழுங்குவது இந்த விதிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஓத நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். சனிக்கிழமை காலை 10 மணிக்கு உயர் ஓதம் என்றால், 8 முதல் 12 வரை கடற்கரை உங்களுக்கு இல்லை. ஞாயிறு அது 10.50 ஆகும், 8.50 முதல் 12.50 வரை மறுபடி அடைப்பு. ஜூனில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும், இருட்டில் கடற்கரையில் ஓட்டினால் ஓடை அறுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஆக, இரண்டு பகல்களிலும் காலைப் பொழுது போய்விட்டது. இதற்கு முன்னால் பிரிஸ்பேனிலிருந்து ரெயின்போ பீச் வரை சுமார் 240 கி.மீ., மூன்று மணி நேரம் ஓட்டியிருப்பீர்கள். இன்ஸ்கிப் முனையிலிருந்து போகும் பார்ஜ் என்னும் வண்டிப் படகு கால் மணி நேரத்துக்குள் அக்கரை சேர்த்துவிடும், ஆனால் பகலில் மட்டும்தான் ஓடும். வெள்ளி இரவு தங்கல் இக்கரையில்தான். இரண்டு இரவுப் பயணத்தில் தீவில் கழிவது ஒரே இரவு.

ஓதத்தைச் சரியாகப் பிடித்தாலும் மணல் இருக்கிறது. வண்டி எப்படிச் சிக்குகிறது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். சாலைக்கு வைத்த 35 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) காற்றோடு அப்படியே மணலில் இறங்குகிறார்கள். காற்று நிறைந்த டயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும். 18 முதல் 20 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் டயரின் தடம் நீளமாகப் படிந்து, எடை பரவி, மேலே மிதக்கும். அடுத்த தவறு, வண்டி தயங்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பது. சக்கரம் சுழன்று தன் குழியைத் தானே தோண்டும். நான்கைந்து விநாடியில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு நான்கு சக்கரமும் தரையைத் தொட்டும் தொடாமலும் சுற்றும், வண்டி நகராது.

சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிட வேண்டும். முதலில் வந்த தடத்திலேயே பின்னால் போக முயலுங்கள், அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். முடியாவிட்டால் நீளக் கைப்பிடி மண்வெட்டியால் நான்கு சக்கரத்தின் முன்பக்கத்தையும், முக்கியமாக அடிவயிற்றையும் தோண்டிக் காலி செய்யுங்கள். காற்றை 15 வரை இறக்கி, மீட்புப் பலகைகளைச் சக்கரத்தடியில் செருகி, மிக மெதுவாக ஏற்றுங்கள். 15-இல் ஓட்டும்போது சட்டென்று ஸ்டீரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், எனவே வெளியே வந்த உடனே கம்பிரஸரால் காற்றை ஏற்றிவிடுங்கள். இன்னொரு வண்டி இழுக்க வந்தால், அதற்கென்று வலுவாகப் பொருத்திய கொக்கியில்தான் பட்டையை மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது பிய்ந்து பறந்தால் உயிர்ச்சேதம்.

இதையெல்லாம் செய்யத் தெரிந்தவருக்கும், லோ ரேஞ்ச் கியரும் (மெதுவாக, வலுவாக இழுக்கும் கியர்) தரை உயரமும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவருக்கும் கர்ரி கொடுக்கும் அனுபவம் தனி. ‘ஏடபிள்யூடி’ (ஆல் வீல் டிரைவ்) என்று விற்கப்படும் குடும்ப எஸ்யூவி அந்த வகையில் சேராது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மணலில் ஓட்டுவதைத் தடுக்கும், மீறினால் காப்பீடு கைவிடும். சொந்த வண்டியென்றால் உப்பு. அலை விளிம்பின் ஈர மணல் இறுக்கமாக, ஓட்ட சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அதிலிருந்து தெறிக்கும் உப்புநீர் சேஸிஸின் மடிப்புகளில் தங்கித் துருவாகும். திரும்பிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஞாயிறு இரவு களைத்துப் போய் வந்து, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்ட வண்டிகளைத்தான் பின்னாளில் விற்கப் போகும்போது வாங்குகிறவர் குனிந்து பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார்.

மோர்ட்டன் தூரத்தில் நெருக்கம். பிரிஸ்பேன் துறைமுகத்திலிருந்து வண்டி ஏற்றும் படகு சுமார் 90 நிமிடத்தில் டங்கலூமா கப்பல் சிதைவுகளுக்குப் பக்கத்தில் நேராக மணலிலேயே சாய்தளத்தை இறக்கும். அதாவது முதல் அடியே மணல். கரையில் இறங்கிக் காற்றைக் குறைக்கலாம் என்று நினைத்தால் பின்னால் நிற்கும் வரிசைக்கு முன்னாலேயே சிக்குவீர்கள். இறங்கும் முன்பே குறைத்துவிடுங்கள். அந்தச் சிதைவுகள் 1963 முதல் படகுகளுக்கு ஒதுங்கிடமாக வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட 15 கலங்கள். நீந்திப் பார்க்க அருமையான இடம், ஆனால் ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீரோட்டம் இழுக்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் சிறிய இடைவெளியில் இறங்குவதே நல்லது. வண்டி இல்லாதவர்கள் டங்கலூமா விடுதிக்கு பிங்கென்பாவிலிருந்து பயணிகள் படகில் போய், மாலையில் டால்பின்களைப் பார்த்து வரலாம். அப்படிப் போனால் தீவின் மற்ற பகுதிகளுக்குச் சுற்றுலா வண்டியை நம்ப வேண்டியிருக்கும். கர்ரி, மோர்ட்டன் இரண்டுக்குமே வண்டி அனுமதியும் முகாம் அனுமதியும் கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும்.

இப்போது ஸ்ட்ராட்புரோக். கிளீவ்லாந்திலிருந்து வண்டிப் படகில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, பயணிகள் படகில் 25 நிமிடம். டன்விச்சில் இறங்கினால் தார்ச்சாலை. அங்கிருந்து பாயிண்ட் லுக்அவுட் வரை 20 கி.மீ. அளவில், எந்தச் சின்னக் காரும் போகும். கார் இல்லாமலே கூடச் செய்யலாம்: கிளீவ்லாந்து வரை ரயில், துறைக்குப் பேருந்து, பயணிகள் படகு, தீவில் மறுபடி பேருந்து. ஓத அட்டவணையைப் பார்க்காமல் வெள்ளி இரவே தீவில் தூங்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். வெள்ளி மாலைக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மணலில் ஓட்டும் ஆசை இருந்தால் ஃபிளிண்டர்ஸ் கடற்கரைக்கோ முப்பது கி.மீ.க்கு மேல் நீளும் மெயின் பீச்சுக்கோ தனி அனுமதி வாங்கி இறங்கலாம். அது விருப்பம், கட்டாயம் இல்லை.

சனிக்கிழமை காலை வடக்கு கோர்ஜ் நடைபாதை. 1.2 கி.மீ. சுற்று, அவசரப்படாமல் ஒரு மணி நேரம். பாறைப் பிளவுக்குள் அலை புகுந்து வெண்ணுரையாகத் திரும்பும் இடத்தில் நின்று கீழே பாருங்கள்: தெளிந்த நீரில் கடலாமைகள் மூச்சுக்கு மேலே வந்து மறுபடி அமிழும், சில நாள் திருக்கைகளும் தெரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இந்த முனையை ஒட்டியே போகும். மோர்ட்டன் குடாவில் படகேறித் தேடுவதைக் கரையில் நின்றே பார்த்துவிடலாம். முன்பக்கம் இரண்டு விரல் அளவு உயரும் ஒரு வெள்ளைப் புகை, அதுதான் மூச்சு. அதற்கு இடப்புறம் வலப்புறம் கண்ணை ஓட்டினால் முதுகு தெரியும். குளிக்க சிலிண்டர் பீச், உயிர்காப்பாளர் கொடிகளுக்கு நடுவே. திறந்த கடலைப் பார்த்த மெயின் பீச்சில் இழுவை நீரோட்டம் அதிகம், காவல் இல்லாத பகுதியில் இறங்காதீர்கள். ஞாயிறு காலை கபூரா ஏரி, போகவர ஐந்து கி.மீ. சொச்சம் நடை. குவாண்டமூக்கா மக்களுக்கு அது புனித இடம், பார்த்துவிட்டு வருவதே மரியாதை.

குறையும் உண்டு. ஈஸ்டரிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் படகில் வண்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். போகும் படகைவிட ஞாயிறு மதியத்துக்குப் பின் திரும்பும் படகு வேகமாக நிரம்பும், அதையே முதலில் பதிவு செய்யுங்கள். குடாவைப் பார்த்த மேற்குக் கரையில் அந்தி நேரத்தில் மணல் ஈ கடிக்கும். கொட்டகைக் கூட்டம் இல்லாத, ஆளரவமற்ற முகாம் வேண்டும் என்றால் மற்ற இரண்டும்தான் மேல். மீன்பிடிக்கப் போகிறவர்களின் கணக்கும் வேறு; அதில் எங்கள் தீர்ப்பை எடைபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இரவு கிடைத்தால், தகுந்த வண்டியும் இருந்தால், கர்ரிக்கு நாங்களும் மாறுவோம். அப்போது தேதியை ஓதத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்: சனிக்கிழமை தாழ் ஓதம் காலை 9 மணியை ஒட்டி விழும் வாரம். சனியன்று விடியும்போதே கடற்கரை திறந்திருக்கும், திங்களன்று தாழ் ஓதம் 10.40 ஆகும், நண்பகலுக்குள் பார்ஜைப் பிடித்துவிடலாம். குழந்தைகள் இருந்தால் வேலி போட்ட முகாம். டிங்கோ என்னும் காட்டு நாய் எட்டத்தில் நின்று பார்த்தாலும் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சாப்பாட்டுப் பெட்டி வண்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். மக்கென்சி ஏரியில் இறங்கும் முன் சன்ஸ்கிரீன் பூசாதீர்கள். மழைநீர் மட்டுமே நிரப்பும் ஏரி, வெளியேறும் வழி அதற்குக் கிடையாது.