வீட்டில் வளர்க்க எந்த நாய்: லாப்ரடாரா, சிப்பிப்பாறையா?

லாப்ரடாரின் ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள்: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சுபோல் இன்னோர் அடுக்கு. கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவுக் குளிர்நீருக்கு ஏற்ற உடை அது. கடலூரில் எங்கள் லாப்ரடார் சித்திரை முழுவதும் குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டியே கிடந்தது. பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஆனால் குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பி முகத்தை நக்கிய அந்தக் குணத்துக்கு ஈடே இல்லை. சீக்கிரம் பருத்துவிடும், சோற்றை அளந்துதான் வைக்க வேண்டும்.

சிப்பிப்பாறை நம் தமிழ்நாட்டு நாய்; அதற்குக் குட்டை ரோமம், ஒட்டிய வயிறு. நம் வெயில் அதற்குப் பழக்கம். முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், பூனையைக் கண்டால் கயிற்றோடு பாயும். அந்நியரிடம் எளிதில் ஒட்டாது.

விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தினமும் கூட்டிச்செல்ல ஆள் இருந்தால் சிப்பிப்பாறையையே சொல்வேன். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு லாப்ரடார்தான்; நண்பகலில் மட்டும் அதை வெளியே இழுக்காதீர்கள்.