சதுர அடி கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா: மிச்சம் யாருக்கு?

வீடு கட்டும் வேலையைப் பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக விடுவதா, அல்லது சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எல்லாம் நாமே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசுவதா? நாங்கள் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை (கட்டடத்தின் உறுதியைக் கணக்கிடுபவர்) வைத்துக்கொண்டு லேபர் கான்ட்ராக்டில் கட்டினோம். இன்னொரு வீடு கட்டினாலும் அப்படித்தான் கட்டுவோம்.

சதுர அடி கான்ட்ராக்டில் அலைச்சல் குறைவு, மொத்தச் செலவும் முன்கூட்டியே தெரியும். அதில் மறுபேச்சே இல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: செலவு குறைந்தால் அந்த மிச்சம் யார் கைக்குப் போகிறது? பிளானைப் பார்த்த இன்ஜினியர், "தூணும் பீமும்தான் பாரம் தாங்குது, உள்சுவருக்கு 9 இன்ச் எதுக்குங்க? நாலரை போதும்" என்றார். மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே கொண்டுவந்தார். செங்கல், கலவை, குழாய் எல்லாம் குறைந்தன. அறைகளும் சற்றே அகலமாயின. பொருள் எங்கள் பணத்தில் வந்ததால் மிச்சமும் எங்களுக்கே. சதுர அடிக் கணக்கில் இதே மாற்றத்தைச் செய்தால் பரப்பளவு மாறாது; நாம் கேட்டு வாங்காதவரை தொகையும் குறையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதற்கும் இதே கணக்குதான்.

கம்பியில் இது இன்னும் முக்கியம். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ இருக்க வேண்டும். ஒரு லோடாகச் சேர்த்து எடை போடும்போது இதில் 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்க, கம்பிக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1786 இடம் தருகிறது. அதற்கும் கீழே போன கம்பியைப் போட்டால் லாபம் அதை வாங்கிப் போட்ட கான்ட்ராக்டருக்கு, ஆபத்து குடியிருப்பவருக்கு. நாமே வாங்கும்போது எடை போட்டுப் பார்த்து இறக்கலாம்.

விலை ஏறினால்? 2021-இல் கம்பி விலை எகிறியது நினைவிருக்கும். சதுர அடி முறையில், காகிதத்தில் அந்த ரிஸ்க் கான்ட்ராக்டருடையது. ஆனால் கட்டுப்படியாகாவிட்டால் வேலை நின்றுபோகும், அல்லது தரத்தில் கை வைப்பார்கள். பாதியில் நிற்கும் வீடு நம்முடையது. லேபர் முறையில் விலையேற்றம் நேராக நம் தலையில்தான் விழும். பட்ஜெட்டில் பத்து சதவீதமாவது தனியாக எடுத்து வைக்காமல் இதில் இறங்கக் கூடாது.

எங்களுடையது தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டுமே. சைட்டுக்குத் தினமும் போய்ப் பார்க்க வீட்டில் ஆள் இருந்தது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு கட்டுபவர்களுக்கு லேபர் கான்ட்ராக்டை நான் சொல்ல மாட்டேன். பொருள் வீணாவதையும் காணாமல் போவதையும் போனில் தடுக்க முடியாது.

அவர்கள் சதுர அடிக்கே விடட்டும். ஆனால் சிமென்ட் பிராண்ட், கம்பியின் கிரேடும் எடையும், ஒவ்வொரு சுவரின் கனம், மாற்றம் செய்தால் கழிக்க வேண்டிய தொகை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பேஸ்மென்ட் (தரைமட்டம் வரையிலான அடித்தளம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப் என ஒவ்வொரு கட்டமும் முடிந்து, நீங்கள் அமர்த்திய இன்ஜினியர் பார்த்த பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.