பழைய ஜீப்பில் டிஸ்க் பிரேக் போடுகிறவர்கள் கவனத்துக்கு: நட் ஏறிவிட்டால் போதாது

பழைய மஹிந்திரா ஜீப்பின் முன்பக்க டிரம் பிரேக்கைத் தூக்கிவிட்டு மாருதி ஜிப்சியின் டிஸ்க், காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போட்டுத் தரும் ஒரு பட்டறையின் வேலை இது. பில்லில் "கன்வர்ஷன் கிட்" என்று தனி வரி, தனித் தொகை. வண்டியைக் கொடுத்த அன்று பெடல் கல் மாதிரி நின்றது. சில நாளில் சேஸிஸ் பிராக்கெட்டில் பைப்பும் ஹோஸும் சேரும் இடத்தில் ஈரம். திரும்பக் கொண்டுபோனால், "லேசா கசியுது, இன்னொரு இழுப்பு இழுத்தா நின்னுடும்" என்று முறுக்கி அனுப்பிவிட்டார்கள்.

கழற்றிப் பார்த்ததில் கிட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜீப்பின் பழைய 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை உள்ள பைப் நட்டை (பைப்பில் கோர்த்து வரும், வெளிப்பக்கம் மரை உள்ள நட்), ஜிப்சி ஹோஸின் எம்10 x 1.0 (மெட்ரிக் மரை) ஓட்டைக்குள் டெஃப்லான் டேப் சுற்றித் திணித்திருந்தார்கள்.

இந்த இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இன்ச் நட்டின் விட்டம் 9.525 மி.மீ., மரை இடைவெளி 1.058 மி.மீ. மெட்ரிக்கில் 10 மி.மீ., 1.0 மி.மீ. விட்டம் குறைவு என்பதால் கையாலேயே உள்ளே போய்விடும். சில சுற்றில் இடைவெளி ஒத்துவராமல் இறுகும். நட் உட்கார்ந்துவிட்டது என்று கை நம்பிவிடும், ஆனால் மரைப் பல் பாதி ஆழம்தான் பிடித்திருக்கும். போடிமெட்டு மாதிரி இறக்கத்தில் காலை ஊன்றி மிதிக்கும்போது லைனில் 70 பாருக்கு மேல் அழுத்தம் ஏறலாம். பிடி விட்டால் பைப் வெளியே தெறிக்கும். பழைய ஜீப்பில் பிரேக் ஒரே சர்க்யூட், அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன், ஆகவே நான்கு சக்கரமும் ஒன்றாகப் போய்விடும்.

டேப் இங்கே எதையும் அடைக்காது. ஆயிலை நிறுத்துவது பைப் நுனியின் பிளேர் (விரித்துவிட்ட வாய்)தான், மரை அல்ல. பிய்ந்த டேப் துணுக்கு காலிப்பருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை) ஊசித்துளைக்கும் போய் அடைத்துக்கொள்ளும். பைப் நட்டில் டேப் கண்ணில் பட்டாலே அந்த வேலையை நம்பாதீர்கள்.

இதற்கு அடாப்டர்கூட வேண்டாம் என்பதுதான் எரிச்சல். இன்ச் பைப் 3/16, அதாவது 4.76 மி.மீ.; மெட்ரிக் பைப் 4.75. இரண்டும் ஒன்றேதான். பைப் நுனியை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, எம்10 x 1.0 நட்டை முதலில் கோர்த்துவிட்டு (மறந்தால் மறுபடி வெட்ட வேண்டும்) புது பிளேர் போட்டால் முடிந்தது. ஓட்டையின் அடியில் கூம்பு எழும்பி நின்றால் டபுள் பிளேர் (வாயை விரித்து உள்ளே மடித்தது), குழிந்திருந்தால் பபிள் பிளேர் (குமிழ் மாதிரி புடைத்தது). ஜப்பானிய வழியில் வந்த ஜிப்சிக்கு டபுள் பிளேர். மாற்றிப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும், கூம்பும் நசுங்கும். இறுக்கம் 15 நியூட்டன் மீட்டர் அளவு போதும். கசிகிறதே என்று மேலும் முறுக்குவது கெட்டதை இன்னும் கெடுப்பது.

வண்டியின் பெயரை வைத்து மரையை ஊகிக்காதீர்கள். இத்தனை வருட ரிப்பேரில் ஒரே ஜீப்பில் இன்ச், மெட்ரிக் இரண்டும் கலந்து கிடக்கும். பிட்ச் கேஜ் (மரை இடைவெளி பார்க்கும் பல் தகடு) வைத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். செம்பு பைப், ஃபெரூல் (பைப்பைக் கவ்வும் வளையம்) போட்ட கம்ப்ரஷன் மூட்டு இரண்டையும் பிரேக்கில் ஏற்கவே கூடாது. அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும்.

இன்னொன்றையும் அதே பட்டறை விட்டிருந்தது. டிரம் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அது அப்படியே இருந்தால் காலைத் தூக்கிய பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுடும். டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ வால்வு போதும். வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில் மாஸ்டர் சிலிண்டர் உள்ள ஜீப்பில் அதையும் எடுத்துவிட்டால் காலிப்பர் ஆயில் பின்னோக்கி இறங்கி பெடல் பள்ளமாகும்.

பணம் கொடுக்கும் முன் பெடலைப் பலமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு ஜாக்கியால் சேஸிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஹோஸ் எங்கும் இழுபடவோ டயரில் உரசவோ கூடாது.